அப்புறம் என்னாச்சு? – முடியாத நாவல்களும் முடித்து வைக்கப்பட்ட வாழ்க்கைகளும்

நாவலைப் படித்து முடித்த கையோடு "அப்புறம் என்னாச்சு?" என்று கேட்கிறவரைக் கண்டால் நம் இலக்கியவாதிகளுக்கு ஒரு சிரிப்பு வரும். பாமரக் கேள்வியாம். தேர்ந்த வாசகர் அப்படிக் கேட்கமாட்டாராம். கதை நின்ற இடத்தில் தானும் நின்று, அந்த மௌனத்தை ருசிக்க வேண்டுமாம். நான் அந்தப் பாமரக் கேள்வியின் பக்கம் நிற்கிறேன். சேரியில் பிறந்தவருக்கு அது வெறும் இலக்கியக் கேள்வி அல்ல. வேலைக்குப் போன பையன் ராத்திரி வீடு திரும்பாவிட்டால் தெருவே கேட்கிற கேள்வி அது. போலீஸ் ஸ்டேஷன் வாசலில் காத்துக் கிடக்கிற தாய் கேட்கிற கேள்வி.

அதற்காக எல்லா நாவலும் பதில் சொல்லித்தான் முடிய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. முடிவைத் திறந்து வைப்பதில் இரண்டு வகை இருக்கிறது. இனி என்ன நடக்கும் என்பதைத் திறந்து வைப்பது ஒன்று. யார் செய்தார்கள் என்பதைத் திறந்து வைப்பது இன்னொன்று. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டுதான் இங்கே பாதிச் சண்டை நடக்கிறது.

சண்டையின் ஒரு பக்கத்தில் கோட்பாட்டுத் தோழர்கள். உம்பர்த்தோ எக்கோ 1962இல் திறந்த படைப்பு பற்றி எழுதினார். ரோலான் பார்த் 1967இல் ஆசிரியனின் மரணத்தை அறிவித்தார். இரண்டும் நமக்கு உதவின, மறுக்கமாட்டேன். பிரதிக்கு ஒரே அர்த்தம்தான், அதைச் சொல்கிற அதிகாரம் ஒரு சிலருக்குத்தான் என்கிற மடாதிபதித்தனத்தை உடைக்க அவை பயன்பட்டன. வேதத்தைக் காதால் கேட்ட சூத்திரன் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்று என்று எழுதி வைத்த மரபுக்கு எதிரே, வாசிக்கிறவர்தான் அர்த்தத்தை உண்டாக்குகிறார் என்று சொல்வது சின்ன விஷயமா? ஆனால் அந்தச் சிந்தனை நம்ம ஊர் இலக்கியக் கூட்டங்களுக்கு வந்து சேர்ந்தபோது வேறு உரு எடுத்தது. முடிவு மங்கலாக இருந்தால் கலை, தெளிவாக இருந்தால் பிரச்சாரம் என்று புதிதாக ஒரு தீட்டுக்கோடு போட்டுவிட்டார்கள். ஆசிரியன் செத்துட்டான்னு சந்தோஷமா சொல்றாங்க. எங்க தெருவுல ஆசிரியனே இப்பத்தான் பொறந்திருக்கான், அதுக்குள்ள என்ன சாவு மேளம்?

இன்னொரு பக்கத்தில் நம் இயக்கத் தோழர்கள். கடைசிப் பக்கத்தில் அடிபட்டவர் எழுந்து நிற்க வேண்டும், பறை முழங்க வேண்டும், கிழக்கு சிவக்க வேண்டும். இல்லையென்றால் 'அவநம்பிக்கை இலக்கியம்' என்று முத்திரை விழும். இதில் ஒரு நியாயம் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக மற்றவர்கள் எழுதிய கதைகளில் நம் ஆட்கள் அடிவாங்கவும் சாகவும்தானே வந்தார்கள்! இனியாவது ஒருத்தர் ஜெயிக்கட்டுமே என்ற ஆசை தப்பில்லை. ஆனால் காகிதத்தில் ஜெயித்துவிட்டால் ஒரு கோளாறு இருக்கிறது. புத்தகத்தை மூடும்போது கோபமும் சேர்ந்து மூடிக்கொள்கிறது. பண்ணையார் நாவலில் தோற்றுவிட்டார் என்ற நிம்மதியில் நாம் தூங்கிப்போகிறோம். அவர் மறுநாள் காலையில் வழக்கம்போலப் பஞ்சாயத்தில் வந்து உட்காருகிறார்.

இந்த இரண்டு பக்கத்தாரும் கேட்க மறந்த கேள்வி ஒன்று உண்டு. ஒரு நாவலில் திறந்த முடிவு யாருக்குக் கிடைக்கிறது? யாருடைய கதை முடித்துவைக்கப்படுகிறது?

யு.ஆர். அனந்தமூர்த்தியின் 'சம்ஸ்காரா'வை எடுத்துக்கொள்வோம். 1965இல் வந்த கன்னட நாவல். 1976இல் ஏ.கே. ராமானுஜன் அதை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். சாதிக் கட்டுப்பாட்டை மீறிய நாரணப்பா என்ற பார்ப்பனர் செத்துப்போகிறார். அவர் பிணத்தை யார் எரிப்பது என்று தெரியாமல் அக்கிரகாரம் முழித்துக்கொண்டு நிற்கிறது. சாஸ்திரம் கரைகண்ட பிராணேசாச்சாரியார் நாரணப்பாவின் துணைவி சந்திரியோடு கூடிவிட்டு, குற்றவுணர்வில் ஊரை விட்டு அலைகிறார். கடைசியில் ஊர் திரும்ப மாட்டுவண்டியில் இடம் கிடைத்து ஏறிக்கொள்கிறார். ஊருக்குப் போய் உண்மையைச் சொல்வாரா, மாட்டாரா? நாவல் சொல்லவில்லை. அந்த ஒரு கேள்வியை வைத்து இத்தனை ஆண்டுகளாக எத்தனை கட்டுரைகள், எத்தனை கருத்தரங்குகள்!

அதே நாவலில் பெல்லி என்றொரு தீண்டப்படாத சாதிப் பெண் வருகிறாள். அவளுடைய தாயும் தகப்பனும் கொள்ளைநோயில் சாகிறார்கள். பிணங்களோடு சேர்த்து அந்தக் குடிசைக்கே தீ வைக்கப்படுகிறது. ஒரு பார்ப்பனரின் பிணத்துக்காக ஊரே ஓலைச்சுவடி புரட்டுகிற கதையில், நம் ஆட்களின் பிணம் கூரையோடு வெந்து அடங்கிவிடுகிறது. இந்த முரண் அனந்தமூர்த்திக்குத் தெரிந்திருக்கிறது, அவர்தானே எழுதியிருக்கிறார். தெரியாமல் போனது வாசித்தவர்களுக்கு. ஆச்சாரியாரின் ஆத்மா வண்டியில் ஏறியதா இறங்கியதா என்று பக்கம் பக்கமாக விவாதித்தவர்களில் பெல்லி என்ன ஆனாள் என்று கேட்டவரை நான் பார்த்ததில்லை. எதிர்காலம் உள்ளவர்களுக்குத்தான் திறந்த முடிவு. நமக்கு எதிர்காலம் இருக்கிறதென்று அந்த வாசகர்களுக்குத் தோன்றவே இல்லை.

அடுத்தது முல்க் ராஜ் ஆனந்தின் 'அன்டச்சபிள்', 1935. பாக்கா என்ற மலம் அள்ளும் இளைஞனின் ஒரே ஒரு நாள். தெருவில் தெரியாமல் ஒருத்தரைத் தொட்டுவிட்டு அறை வாங்குகிறான். தங்கை சோகினியிடம் கோயில் பூசாரி தப்பாக நடந்துகொள்ளப் பார்த்துவிட்டு, தீட்டுப்பட்டது என்று அவரே கூச்சல் போடுகிறார். சாயங்காலம் பாக்காவுக்கு முன்னால் மூன்று வழிகள் வருகின்றன. பாதிரியார் ஹட்சின்சன் சொல்கிற ஏசு. பொதுக்கூட்டத்தில் காந்தி சொல்கிற மனமாற்றம். ஒரு கவிஞர் சொல்கிற தண்ணீர் ஊற்றும் கக்கூஸ்: இயந்திரம் வந்துவிட்டால் மலம் அள்ள மனிதன் தேவையில்லை, தீட்டும் போய்விடும் என்பது அவர் கட்சி. எது வழி என்று முடிவாகாமலே, கேட்டதையெல்லாம் அப்பாவிடம் சொல்லலாம் என்று பாக்கா வீட்டைப் பார்த்து நடக்கிறான். நாவல் முடிகிறது.

இதை ஜனநாயகமான முடிவு என்று பாராட்டினார்கள். முன்னுரை எழுதிய இ.எம். ஃபார்ஸ்டருக்கு அந்தக் கடைசிப் பகுதி சில வாசகர்களுக்குப் பிடிக்காமல் போகலாம் என்று தெரிந்தே இருந்தது, ஆனாலும் அதற்காக வாதாடினார். நானும் இந்த நாவலை மதிக்கிறேன். கக்கூஸ் கழுவுகிற ஒருவனை நாயகனாக்குவது அந்தக் காலத்தில் லேசுப்பட்ட காரியம் இல்லை. ஆனால் வழிகளை எண்ணிப் பாருங்கள். மூன்றுதான். நாலாவது எங்கே? 1927இல் மகாத் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்த மக்கள் எங்கே? 1930இல் நாசிக் காளாராம் கோயில் வாசலில் நின்றவர்கள் எங்கே? நாவல் வந்த அதே 1935 அக்டோபரில் இயோலாவில் நின்று, இந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவித்த பாபாசாகேப் அம்பேத்கர் பேசிய அரசியல் எங்கே? மூன்று வழியிலும் பாக்கா கேட்டுக்கொண்டு நிற்கிறான். அவனே பேசுகிற வழிதான் விடுபட்டிருக்கிறது. முடிவைத் திறந்துவைக்கிறேன் என்கிறவர் எத்தனை கதவுகளைத் திறந்தார் என்பதோடு நிற்கக்கூடாது. எந்தச் சுவரில் கதவே வைக்கவில்லை என்றும் பார்க்க வேண்டும்.

அந்தக் கவிஞரின் கேள்விக்கு வரலாறு பதில் எழுதிவிட்டது. தண்ணீர் ஊற்றும் கக்கூஸ் வந்தது. உலர் கழிப்பிடத்தையும் கையால் மலம் அள்ளுவதையும் தடுக்க 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். சாதி என்ன செய்தது? மேலே இருந்த மனிதனைக் குழிக்குள் இறக்கியது. பாதாளச் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் விஷவாயு தாக்கிச் செத்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் தர வேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொகையை உயர்த்த வேண்டி வந்தது என்றால் சாவு நிற்கவில்லை என்றுதானே அர்த்தம்? இதைத் தெரிந்துகொண்டு இன்று 'அன்டச்சபிள்' படிக்கிற மாணவருக்கு அது திறந்த முடிவாகத் தெரியாது. முடிவு தெரிந்துபோன நாவல் அது. இப்படி வாசிப்பதும் ஒரு வாசிப்புதான். நாவல் முடிந்த இடத்திலிருந்து நம் ஜனங்களின் வரலாற்றைச் சேர்த்துப் படிக்க நமக்கு உரிமை இருக்கிறது.

அப்படியானால் நமக்கு ஆகிற திறந்த முடிவு எது? கறுப்பின எழுத்துக்குப் போவோம். டோனி மாரிசனின் 'சாங் ஆஃப் சாலமன்' 1977இல் வந்தது. மில்க்மேன் என்பவனுக்கு கிட்டார் என்று ஒரு நண்பன். கறுப்பர் ஒருவர் கொல்லப்பட்டால் பதிலுக்கு வெள்ளையர் ஒருவரைக் கொல்லும் ரகசியக் குழுவில் இருப்பவன் அவன். கடைசியில் அதே துப்பாக்கி மில்க்மேன் பக்கம் திரும்புகிறது. குண்டு பட்டு அவனுடைய அத்தை பைலட் சாகிறாள். மில்க்மேன் பாறையிலிருந்து கிட்டாரை நோக்கிப் பாய்கிறான். அவ்வளவுதான். யார் பிழைத்தார்கள், யார் செத்தார்கள்? சொல்லவில்லை.

மாரிசன் இதை ஏதோ நவீன உத்தியாகச் செய்யவில்லை. கறுப்பர்களின் தேவாலயத்தில் போதகர் ஒரு வரி சொன்னால் சபை பதில் குரல் கொடுக்கும், எழுந்து நிற்கும், அழும். வாசகரும் அப்படிக் குரல் கொடுக்க வேண்டும், அதற்கு நாவலில் இடம் விட வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. இது நமக்குப் புதுசா என்ன? அப்பாயி கதை சொன்னால் கேட்கிற பிள்ளைகள் 'உம்' கொட்ட வேண்டும். உம் கொட்டறது நின்னா கதையும் நின்னுரும். கேட்கிறவர் குரல் இல்லாமல் கதை நகராது என்பது நம் கிழவிகளுக்கு எக்கோவுக்கு முன்னாலேயே தெரியும். அந்த நாவலில் கிட்டார் சுட்டது யாரை, மில்க்மேன் ஏன் பாய்ந்தான் என்பதில் மங்கல் கிடையாது. நடந்தது நடந்தபடி இருக்கிறது. பழிக்குப் பழி என்கிற வழி நம்மை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்ற கேள்வி மட்டும் நம் கையில் கொடுக்கப்படுகிறது. இதைத்தான் முதல் வகை என்கிறேன்.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010இல் வந்தது. பிள்ளையில்லாத காளி – பொன்னா தம்பதியின் கதை. திருச்செங்கோட்டுத் தேர்த்திருவிழாவுக்குப் பொன்னா போய்விட்டாள் என்று தெரிந்து காளி உடைந்து நிற்கிற இடத்தில் நாவல் நிற்கிறது. காளி உயிரோடு இருப்பானா? 2014இல் அவரே இரண்டு நாவல் எழுதினார். 'ஆலவாயன்' காளி செத்துப்போனதாக வைத்துப் போகிறது. 'அர்த்தநாரி' அவன் பிழைத்ததாக வைத்துப் போகிறது. 'அப்புறம் என்னாச்சு' என்ற கேள்வியை மதித்து எழுத்தாளர் ஒருவர் இரண்டு பதில் கொடுத்திருக்கிறார். ஆனால் அதே 2014 டிசம்பரில் சாதி, மத அமைப்புகள் புத்தகத்தைக் கொளுத்தக் கிளம்பினபோது அவர்களுக்கு முடிவைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. நடுவில் உள்ள சில பக்கங்கள்தான் குறி. 'எங்கள் சாதிப் பெண்களை அவமானப்படுத்திவிட்டான்' என்பதுதான் அவர்களுடைய வாசிப்பு. 2015 ஜனவரியில் 'எழுத்தாளன் செத்துவிட்டான்' என்று அவரே அறிவிக்க வேண்டி வந்தது. ஆசிரியனின் மரணம் என்றால் தமிழ்நாட்டில் அது இப்படித்தான் இருக்கும். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன பிறகுதான் அவரால் மறுபடி எழுத முடிந்தது.

என் வாதத்துக்கு முக்கியமானது அவருடைய இன்னொரு நாவல். 2013இல் வந்த 'பூக்குழி'. குமரேசன் வேறு சாதிப் பெண்ணான சரோஜாவைக் கல்யாணம் செய்து ஊருக்குக் கூட்டி வருகிறான். அவள் என்ன சாதி என்று நாவல் எங்கேயும் சொல்வதில்லை. ஊர் மட்டும் நாளெல்லாம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. குமரேசன் ஊரில் இல்லாத ஒரு ராத்திரி, வயிற்றுப் பிள்ளையோடு இருக்கிற சரோஜா முள்புதருக்குள் ஒளிகிறாள். ஊரார் புதருக்குத் தீ வைக்கிறார்கள். தீ நெருங்கும்போது குமரேசனின் சைக்கிள் சத்தம் அவள் காதில் விழுகிறது. நாவல் அங்கே நிற்கிறது.

காப்பாற்றப்பட்டாளா? எரிந்துபோனாளா? சைக்கிள் சத்தம் நிஜமா, சாகப்போகிறவளின் பிரமையா? படித்த தோழர்கள் இரண்டாகப் பிரிந்து பேசுவதைக் கேட்டிருக்கிறேன். பிழைத்திருப்பாள் என்கிறவர்களுக்கு ஒரு நம்பிக்கை வேண்டியிருக்கிறது. செத்திருப்பாள் என்கிறவர்கள் பேப்பர் படிக்கிறவர்கள். 'கொன்னாங்கன்னு எழுத ஏன் தயங்கணும்?' என்று கோபப்பட்ட மாணவிகளும் உண்டு. அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் நான் நாவலின் பக்கம்தான். இங்கே திறந்து கிடப்பது சரோஜாவின் உயிர் மட்டுமே. தீ வைத்தது யார் என்பது திறந்து கிடக்கவில்லை. ஊர் வைத்தது. சாதி வைத்தது. அவள் பிழைத்தாலும் அந்தக் குற்றம் குறையாது, செத்தாலும் கூடாது. அதில் நாவல் ஒரு வரிகூடத் தயங்கவில்லை.

நாவலுக்கு வெளியே நடப்பது இதற்கு நேர் எதிர். அந்தப் புத்தகம் தருமபுரி இளவரசனுக்குச் சமர்ப்பணம். 2012 நவம்பர் 7இல் ஒரு காதல் கல்யாணத்துக்காக நத்தம், கொண்டம்பட்டி, அண்ணாநகர் காலனிகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகளைக் கொளுத்தினார்கள். 2013 ஜூலை 4 அன்று இளவரசன் ரயில் தண்டவாளத்து ஓரம் பிணமாகக் கிடந்தார். தற்கொலை என்றது போலீஸ். நாம் நம்பவில்லை. மறு பிரேதப் பரிசோதனை, விசாரணைக் கமிஷன் என்று இழுத்தது. கொலையா தற்கொலையா என்று டீக்கடையிலும் டி.வி.யிலும் பட்டிமன்றம் நடந்தது. அந்தப் பட்டிமன்றத்தின் இரைச்சலில் இன்னொரு கேள்வி காணாமல் போனது: தண்டவாளம் வரைக்கும் அந்தப் பையனைத் துரத்தியது யார்?

தற்கொலை என்றே வைத்துக்கொண்டாலும் அந்தக் கேள்வி சாகாது. 'சந்தேக மரணம்', 'மர்ம மரணம்' என்று எஃப்.ஐ.ஆர். எழுதுகிறவரும் திறந்த முடிவுதான் எழுதுகிறார். ஆனால் அது இரண்டாவது வகை. நடந்தது என்ன என்பதையே மங்கலாக்கிவிட்டு, குற்றவாளி வீட்டுக்குப் போக வழி திறந்துவிடுகிற முடிவு.

கோகுல்ராஜ் வழக்கு இதை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. 2015 ஜூன் 23 அன்று தோழியோடு திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலுக்குப் போனவர், மறுநாள் பள்ளிபாளையம் பக்கம் தண்டவாளத்தில் தலை துண்டாகிக் கிடந்தார். தற்கொலை என்று காட்டக் கடிதமும் இருந்தது. கொன்றவர்களே ஒரு கதை எழுதி, அதற்கு ஒரு முடிவும் எழுதி வைத்திருந்தார்கள். அந்தக் கதையை அவருடைய தாய் ஏற்கவில்லை. 'எம்புள்ள அப்புறம் எங்க போனான்' என்ற கேள்வியை அந்தத் தாயும் வழக்கறிஞர்களும் இயக்கங்களும் ஏழு வருஷம் விடாமல் கேட்டார்கள். கோயில் கேமரா பதிவு சாட்சியமாக வந்தது. 2022 மார்ச்சில் மதுரை நீதிமன்றம் 10 பேரைக் குற்றவாளிகள் என்றது. மேல்முறையீட்டை விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதிகள் கோயிலுக்கே நேரில் போய்ப் பார்த்துவிட்டு, 2023இல் முக்கியக் குற்றவாளியின் ஆயுள் தண்டனையை உறுதி செய்தார்கள். 'அப்புறம் என்னாச்சு' என்பது பாமரக் கேள்வி என்று இனியும் யாராவது சொன்னால் இந்த வழக்கை எடுத்துக்காட்டுங்கள்.

நம் எழுத்திலிருந்தே ஒன்றைச் சொல்ல வேண்டும். சிவகாமியின் 'பழையன கழிதலும்' 1989இல் வந்தபோது, காத்தமுத்து என்ற தலித் தலைவரின் ஆணாதிக்கத்தை அதில் காட்டியதற்காக, நம்ம வீட்டுக் குப்பையைத் தெருவில் கொட்டலாமா என்று நம்மவர்களே கேட்டார்கள். நாவல் ஒரு மாதிரி முடிந்துதான் இருந்தது. 1997இல் சிவகாமி 'ஆசிரியர் குறிப்பு' என்று இன்னொன்று எழுதினார். தன் நாவலுக்குள்ளேயே திரும்பிப் போய், நான் ஏன் அப்படி எழுதினேன், எதை விட்டுவிட்டேன் என்று தன்னையே விசாரித்தார். மூடிய முடிவை எழுதினவரே திறப்பது தமிழில் அபூர்வம். ஒரு தலித் பெண் எழுத்தாளரிடமிருந்து அது வந்தது தற்செயல் இல்லை. கடைசி வார்த்தை தன்னுடையது என்ற மேட்டிமை அவரிடம் இல்லை.

ஆகவே வாசிப்பு வட்டம் நடத்துகிற தோழர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு யோசனை. முடிவு மங்கலாக இருக்கிற நாவல் கையில் கிடைத்தால், அது உயர்ந்ததா தாழ்ந்ததா என்று அடித்துக்கொள்வதற்கு முன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். யாருடைய எதிர்காலம் திறந்து வைக்கப்பட்டிருக்கிறது, யாருடையது வழியிலேயே முடிக்கப்பட்டது? காட்டப்பட்ட கதவுகள் எத்தனை, கதவு வைக்கப்படாத சுவர் எது? மங்கலாக விடப்பட்டது வரப்போகிற நாளா, நடந்து முடிந்த குற்றமா? மூன்றாவது கேள்விக்குக் 'குற்றம்' என்று பதில் வந்தால் அந்த நாவலை எவ்வளவு அழகான தமிழில் எழுதியிருந்தாலும் விடாதீர்கள். 'வரப்போகிற நாள்' என்று வந்தால், மேல எழுத வேண்டியது நாமதான்.

சரோஜா என்ன ஆனாள் என்று என்னைக் கேட்டால், எனக்குத் தெரியாது. சைக்கிளில் வருகிறவன் ஒற்றை ஆள். அவனோடு இன்னும் நாலு பேர் வந்திருந்தால் அந்த ராத்திரி வேறு மாதிரி போயிருக்கும் என்பது மட்டும் தெரியும். அந்த நாலு பேர் யார், ஏன் வரவில்லை என்று உங்கள் வட்டத்தில் பேசுங்கள். பேசியதை எழுதி அனுப்புங்கள். மாறுபட்டால் மாறுபட்டே எழுதுங்கள். அடுத்த இதழில் தொடர்ந்து பேசலாம்.